ஓசூரில் வளரும் நேபாளப் பிள்ளைகள் சொந்தப் பெயரில் வேலைக்குப் போக

ஓசூரில் ஏதோ ஓர் அபார்ட்மென்டின் வாட்ச்மேன் அறையில் வளர்ந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளை வேலை வாசலில் திரும்பி வருவதற்கு மதிப்பெண் காரணமாக இருப்பது குறைவு. மார்க்‌ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், நேபாளத்திலிருந்து வாங்கிய குடியுரிமைச் சீட்டில் மூன்றாவது பெயர். பிறந்த தேதியும் அப்படியே. இவற்றை ஒன்றாக்க வேண்டிய வயது 6 (பள்ளிச் சேர்க்கை), 14 (பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல்), 16 (நேபாளக் குடியுரிமைச் சான்று). பலர் 21 வயதில், நியமனக் கடிதம் கைக்கு வரும் வாரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இது அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்காகவும் எழுதப்பட்டது: பள்ளி எச்.எம்., வகுப்பாசிரியர், வீட்டு உரிமையாளர், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர், கம்பெனி எச்.ஆர். பெற்றோருக்குத் தமிழில் படிவம் படிக்க வராது, பிள்ளைக்கு வரும். ஆகவே பல வீடுகளில் பதினான்கு வயதுப் பிள்ளைதான் குடும்பத்தின் குமாஸ்தா.

முதலில், எந்த நாட்டுக் குடிமகன்?

நேபாளி பேசுகிறவர்கள் எல்லோரும் நேபாள நாட்டவர் அல்ல. டார்ஜிலிங், சிக்கிம், அஸ்ஸாம், டேராடூன் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தியக் குடிமக்கள். நேபாளி 1992 முதல் நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி. முகத்தைப் பார்த்து முடிவு கட்டி, டார்ஜிலிங் பையனை ‘வெளிநாட்டவர்’ பட்டியலில் போட்டுவிட்டால் அவன் பாடு திண்டாட்டம். எதிர்த்திசையில் நடக்கும் தப்பு, அதாவது நேபாளக் குடிமகனை இந்தியர் என்று பதிவது, இன்னும் மோசம்.

பெற்றோர் இருவரும் நேபாளக் குடிமக்கள் என்றால், பிள்ளை கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையிலேயே பிறந்திருந்தாலும் நேபாளக் குடிமகன்தான். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாக வந்து தங்கியவராக இருக்கக் கூடாது. நேபாளத்திலிருந்து முறைப்படி வந்து வசிப்பவர் அந்த வகையில் வரமாட்டார் என்பதால், அப்பா நேபாளத்தவர், அம்மா தளியோ காவேரிப்பட்டணமோ, அதாவது இந்த மாவட்டத்து இந்தியர் என்றால் பிள்ளை இந்தியக் குடிமகன். இந்த ஒரு வரி பல வீடுகளுக்குத் தெரியவில்லை.

பிறப்புச் சான்று எங்கே, எப்போது பிறந்தார் என்பதைச் சொல்லும், குடியுரிமையைச் சொல்லாது. ஆதாரும் சொல்லாது. இதை வைத்துக்கொண்டு ‘வோட்டர் ஐடி வாங்கித் தருகிறேன், அப்புறம் பாஸ்போர்ட்’ என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நேபாளக் குடிமகன் இங்கே வாக்காளராகப் பதிவது பொய் உறுதிமொழி, தண்டனைக்குரிய குற்றம். நேபாளம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆக இரண்டு பக்கமும் கதவு மூடிக்கொள்ளும். தேவையும் இல்லை. நேபாளக் குடிமகனாகவே இந்தியாவில் படிக்க, வசிக்க, வேலை பார்க்க முடியும். 1950 ஜூலை 31 அன்று காத்மாண்டுவில் கையெழுத்தான இந்திய-நேபாள ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு வசிப்பிடம், சொத்து, வணிகம், நடமாட்டம் ஆகியவற்றில் இரு நாட்டவருக்கும் பரஸ்பரம் ஒரே சலுகை தருகிறது. விசா வேண்டாம்.

பெயர்

இங்கேதான் நம் கைவண்ணம் அதிகம். ‘தில் பகதூர் தாபா’ என்பவரின் மகள் சீதா என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது நம் பழக்கத்தில் ‘டி. சீதா’ என்று எழுதுகிறோம். ஆதார் எடுக்கும் இடத்தில் அப்பா பெயர் ‘பகதூர்’ என்று சொல்ல, ‘சீதா பகதூர்’ ஆகிறது. நேபாளச் சீட்டில் அவள் ‘சீதா குமாரி தாபா’. மூன்று பேர். நம் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது இனிஷியலை விரித்தெழுதச் சொல்லி, கடைசிப் பெயர் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறோமே, அதே திண்டாட்டத்தை இந்தப் பிள்ளைக்கு நாமே ஒன்றாம் வகுப்பில் ஏற்பாடு செய்து கொடுக்கிறோம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில. தாபா, தமாங், மகர், குருங், ராய், கட்கா, சவுத்ரி, பரியார் இவையெல்லாம் குடும்பப் பெயர்கள். பெயரின் பகுதி, சுருக்கக் கூடாது. ‘பகதூர்’, ‘குமாரி’, ‘மாயா’ போன்றவை பெரும்பாலும் நடுப்பெயர்கள். ‘குமாரி’யைச் ‘செல்வி’ மாதிரி ஒட்டுச்சொல் என்று நினைத்து வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. ‘பி.கே.’ என்பது இனிஷியல் இல்லை, நேபாளியில் ‘பிஸ்வகர்மா’ என்று சொல்லும் ‘விஸ்வகர்மா’ குடும்பப் பெயரின் சுருக்கம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: தமிழ்நாட்டில் விஸ்வகர்மா பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கும் கம்மாளர் சமூகம், நேபாளத்து விஸ்வகர்மா அங்கே தலித் சமூகம். பெயர் ஒன்று என்பதற்காக இங்கே பி.சி. என்று பதிந்தால், பின்னால் சாதிச் சான்று கேட்கும் இடத்தில் பொய்த் தகவல் கொடுத்தவராக நிற்பது அந்தப் பிள்ளைதான். வெளிநாட்டுக் குடிமகனுக்குத் தமிழ்நாட்டு இடஒதுக்கீடு கிடையாது. பொதுப் பிரிவு என்றே எழுதுங்கள்.

அம்மா அல்லது அப்பாவின் நேபாளக் குடியுரிமைச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர்கள் அதை ‘நாகரிகதா’ என்பார்கள். (நம் ‘நாகரிக’த்துக்குச் சொந்தக்காரச் சொல்தான், ‘உங்ககிட்ட நாகரிகதா இருக்கா’ என்று கேட்டால் வசை இல்லை.) அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் விவரம் இருக்கும். அந்த ஆங்கில எழுத்துக்கூட்டலே மூலம். தமிழில் எழுதுவது அதிலிருந்து வர வேண்டும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. ‘தாபா’ என்று தமிழில் எழுதியதை மறுபடி ஆங்கிலமாக்கினால் நெடுஞ்சாலை ரொட்டிக் கடையில் போய் நிற்கும். கிருஷ்ணகிரியில் அது சிரிப்பு. சான்றிதழில் அப்படி இல்லை.

பள்ளிப் பதிவில் பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயரோடு எழுதச் சொல்லி, இனிஷியல் வேண்டாம் என்று எச்.எம்.முக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பெற்றோரின் நாகரிகதா நகலை இணையுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும் பருவத்தில், அதாவது அரையாண்டுக்கு முன்பே, பிள்ளை தன் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதுவரை திருத்தம் பள்ளியிலேயே முடியும். சான்றிதழ் அச்சான பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டியிருக்கும்.

தேதி

நேபாளத்தில் ஆவணங்கள் விக்ரம சம்வத் ஆண்டில் எழுதப்படுகின்றன. அந்த ஆண்டும் ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே தொடங்கும். வைசாக்தான் நம் சித்திரை, ஜேட் வைகாசி, அசார் ஆனி. நம்முடையதைப் போலவே சூரிய மாதங்கள் என்பதால் ஒரு தமிழ்க் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதத்தைச் சரிபார்த்துவிடலாம். வடக்கத்தி ஊர்களில் இந்த வசதி இல்லை.

கணக்கு: வைசாக் முதல் பூஸ் (நம் மார்கழி) மாதத்தின் நடு வரை, அதாவது டிசம்பர் 31 வரை, விக்ரம ஆண்டிலிருந்து 57 கழிக்க வேண்டும். ஜனவரி 1 முதல் சைத் (நம் பங்குனி) கடைசி வரை 56. எனவே 2065 வைசாக் என்பது 2008 ஏப்ரல்; 2065 மாக் (நம் தை) என்பது 2009 தொடக்கம். இ-சேவை மையத்தில் நடக்கும் தப்பு, ஆண்டை மட்டும் கழித்துவிட்டு மாத எண்ணை அப்படியே விடுவது. 2065-03-12 என்பதை 2008 மார்ச் 12 ஆக்கிவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் அசார். உண்மையான தேதி ஜூன் கடைசி வாரம். மூன்று மாதத்துக்கு மேல் வித்தியாசம். சில வருடங்களில் அசாருக்கு 32 நாள் வரும், ஆனிக்கு வருவதைப் போல. 32ஆம் தேதி பிறந்த பிள்ளையின் பிறந்தநாளைக் கணினி ஏற்காது என்று 30ஆக்கிவிடுவார்கள். மாற்றிக் கணக்கிடும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டில் போட்டுப் பார்த்து, ஒத்துவந்த தேதியை ஒரு தாளில் எழுதி வீட்டிலேயே ஒட்டிவையுங்கள்.

இங்கே பிறந்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல் தலைகீழாக வரும். ஓசூர் மாநகராட்சி தரும் சான்றில் ஆங்கிலத் தேதிதான் இருக்கும், அதை நேபாளத்தில் விக்ரம ஆண்டுக்கு மாற்றும்போது ஒரு நாள் நழுவக்கூடும். மாற்றுகிறவர் பக்கத்தில் பிள்ளையும் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாவட்ட அல்லது கோட்ட நிர்வாக மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஓசூர்க்காரர்கள் சப் கலெக்டர் அலுவலகத்தில் தொடங்கலாம். மருத்துவமனைப் பதிவில் அப்பா பெயர் ‘பகதூர்’ என்று மட்டும் போயிருந்தால் இந்தக் கட்டத்திலேயே திருத்திவிடுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஆதார், அரசு வேலை வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றே ஆதாரம்.

பள்ளியில் சேர்க்க

6 முதல் 14 வயது வரை எந்தக் குழந்தைக்கும், வயதுச் சான்றோ டி.சி.யோ இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் அது. சட்டத்தில் ‘குழந்தை’ என்றுதான் இருக்கிறது, ‘இந்தியக் குழந்தை’ என்றில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தமிழ் தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, பிள்ளைக்கும் பொருந்தாது. இரண்டே வருடத்தில் அவன் நின்றுவிடுவான்.

ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிகளும் உண்டு. பக்கத்து வீடு பார்த்து எதிலாவது சேர்த்துவிடுவதைவிட, வேலையை மனத்தில் வைத்துத் தீர்மானிப்பது மேல். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் தமிழ் ஒரு பாடமாக இருந்தால் அது பின்னால் காசாகும். எஸ்.பி.ஐ. ஜூனியர் அசோசியேட் தேர்வில் உள்ளூர் மொழித் தேர்வு உண்டு. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ அந்த மொழியைப் படித்ததற்கு மார்க்‌ஷீட் காட்டினால் அந்தத் தேர்விலிருந்து விலக்கு. வேறு மாநிலத்திலிருந்து வந்து பயிற்சி மையத்தில் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டிருப்பவரைவிட, இந்தப் பிள்ளை ஒரு படி முன்னால் நிற்கும்.

பதினாறு வயதுப் பயணம்

பெற்றோர் வழியில் வரும் வம்சாவளி நாகரிகதாவை 16 வயது நிரம்பியதும் வாங்கலாம். நேபாளத்தில், குடும்பம் எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததோ அங்கே, பிள்ளை நேரில் போக வேண்டும். முதலில் வார்டு அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம்; அப்புறம் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் சி.டி.ஓ. (தலைமை மாவட்ட அதிகாரி) முன் மனு. அப்பா அல்லது அம்மாவின் நாகரிகதா அசல், பிறப்புப் பதிவு, உறவினர் ஒருவர் நேரில் வந்து இன்னார் பிள்ளை என்று அடையாளம் சொல்வது ஆகியவை வேண்டும். ஓசூரில் பிறந்தவர் என்றால் நம் மாநகராட்சியின் பிறப்புச் சான்றை ஆங்கிலத்தில் எடுத்துப் போங்கள். பள்ளி மார்க்‌ஷீட்டையும் கொண்டுபோய், அதில் உள்ள எழுத்துக்கூட்டலே நாகரிகதாவின் ஆங்கிலப் பக்கத்திலும் வரும்படி மனு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். பெயரைக் கட்ட வேண்டிய முடிச்சு இதுதான்.

எப்போது போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குடும்பம் ஊருக்குப் போவது தசைன் பண்டிகைக்கு. நம் ஆயுத பூஜை சமயம். அந்த நாட்களில் நேபாள அலுவலகங்கள் தொடர்ந்து பல நாள் மூடியிருக்கும். சில வாரத்தில் திஹார் (அவர்களின் தீபாவளி) வந்து மறுபடி மூடும். ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, காகிதம் இல்லாமல் திரும்பிவிடுவார்கள். நம் பொதுத்தேர்வு முடிந்து ஜூன் திறக்கும் வரை இருக்கும் கோடை விடுமுறையே சரி. பெங்களூரிலிருந்து கோரக்பூர் போய் சோனவுலி எல்லை, அல்லது மேற்கு மாவட்டத்தவர் என்றால் பன்பசா, ரூபைதிஹா. போக மட்டுமே மூன்று நாள் வைத்துக்கொண்டு, அங்கே பத்து வேலை நாள் ஒதுக்குங்கள். மே மாதத்தில் ரயில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். முடிந்தால் அதே பயணத்தில் நேபாள பாஸ்போர்ட்டுக்கும் மனு போட்டுவிட்டு வரலாம். பாஸ்போர்ட் இருந்தால் அடுத்த படிகள் எல்லாம் பாதியாகக் குறையும்.

ஆதார், பான்

நேபாளக் குடிமகன் ஆதார் எடுக்கலாம், வெளிநாட்டவர் பிரிவில். விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் நேபாள பாஸ்போர்ட் போதும். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் நாகரிகதாவும், அதனுடன் இந்தியாவிலுள்ள நேபாளத் தூதரகம் தரும், குறிப்பிட்ட காலத்துக்குச் செல்லும் படம் ஒட்டிய அடையாளச் சான்றும் வேண்டும். தூதரகம் இருப்பது புது தில்லி பாராகம்பா சாலையில். ஆகவேதான் பாஸ்போர்ட் மேல் என்கிறோம். 18 வயது நிரம்பியவர்களுக்குப் படிவம் 7, 5 முதல் 18 வரை படிவம் 8, அதற்குக் கீழே படிவம் 9. இந்த ஆதாருக்கு ஆயுள் 10 வருடம். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும் என்பதை அட்டையைப் பார்த்த கையோடு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி முகாமில் அவசரத்தில் இந்தியர் பிரிவில் பதிந்துவிட்ட பிள்ளைகள் நிறைய. தெரிந்ததும் திருத்தக் கேட்பதுதான் பாதுகாப்பு.

பான் அட்டைக்கும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. ஆன்லைன் சென்டரில் பழக்கதோஷத்தில் இந்தியர் படிவத்தைத் திறப்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியும் அரசு வேலையும்

கல்லூரி விளக்கக் குறிப்பேட்டில் முதலில் படிக்க வேண்டிய வரி குடியுரிமை பற்றியது, கட் ஆஃப் பற்றியது அல்ல. ‘வெளிநாட்டு மாணவர்’ என்ற கட்டத்தில் விழுந்தால் கட்டணம் பல மடங்காகும் இடங்கள் உண்டு. நேபாளத்தவருக்கு இந்தியக் கட்டணமே வாங்கும் இடங்களும் உண்டு. சேரும் முன் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அண்ணன் நேபாளத்தில் எஸ்.இ.இ. (அங்கத்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு), பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கே வந்து சேர்கிறான் என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இணைத்தகுதிச் சான்று தேவைப்படும். இங்கேயே பன்னிரண்டாவது படித்த தங்கைக்கு அது வேண்டாம்.

அரசு வேலை கிடையாது என்று ஊரே சொல்லும். அது தப்பு. எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு அலுவலகப் பணி), ஐ.பி.பி.எஸ். (வங்கிப் பணி), ரயில்வே அறிவிப்புகளின் குடியுரிமைப் பத்தியில் இந்தியக் குடிமகனுக்கு அடுத்த வரியே ‘நேபாளக் குடிமகன்’ என்று இருக்கும். இந்திய அரசு தரும் தகுதிச் சான்று ஒன்று வேண்டும். தேர்வை அதற்கு முன்பே எழுதலாம். நியமனம் சான்று வந்த பிறகு. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணியில் ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். (வெளியுறவுப் பணி), ஐ.பி.எஸ். மூன்றும் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. மற்றப் பணிகள் திறந்திருக்கின்றன.

கம்பெனி வாசல்

தனியார் எச்.ஆர். இரண்டு இடத்தில் தடுமாறுவார். ‘வொர்க் விசா எங்கே’ என்பார். 1950 ஒப்பந்தத்தைப் பதில் சொன்னாலே போதும். ஒப்பந்த நகல் ஒன்றைச் சான்றிதழ் ஃபைலில் வைத்திருந்தால் வாக்குவாதம் சுருங்கும். இரண்டாவது பி.எஃப். வெளிநாட்டவர் என்றதும் ‘சர்வதேச ஊழியர்’ என்று டிக் அடித்துவிடுவார்கள். அந்தப் பிரிவில் சம்பள வரம்பு இல்லாமல் முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம், பணத்தை எடுப்பதற்கோ 58 வயது வரை பொறுக்க வேண்டும். பி.எஃப். திட்டத்தின் விதியிலேயே நேபாளக் குடிமகன் இந்திய ஊழியராகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் இதைப் பாருங்கள். ஐந்தாவது வருடத்தில் மாற்றுவது பெரும்பாடு.

பயோடேட்டா ஒரு பக்கம். குடியுரிமை என்ற இடத்தில் ‘நேபாளம், 1950 ஒப்பந்தப்படி வேலை அனுமதி தேவையில்லை’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். மறைத்துவிட்டு நேர்காணலுக்குப் பிறகு தெரியவந்தால், தப்பு இல்லாத இடத்தில் தப்பு இருப்பதுபோல ஆகிவிடும். மொழிகள் என்ற வரியைக் கடைசியில் தள்ளாதீர்கள். நேபாளி, தமிழ், இந்தி, ஓசூர் என்பதால் கன்னடமும் கொஞ்சம். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள் நிறைந்த ஷாப் ஃப்ளோரில், தமிழ் மேலாளர் சொல்வதை இந்தியில் சொல்லி, அவர்கள் சொல்வதைத் தமிழில் அறிக்கையாக எழுதவும் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். தொழிலகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலன், பயிற்சி, மருத்துவமனை வரவேற்பு, நர்ஸிங் ஆகிய இடங்களில் இந்தத் திறமைக்கு நேரடி விலை உண்டு. இப்போது அதை கான்ட்ராக்ட் சூபர்வைசர்கள் இனாமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்: பதவி ஹெல்பர், வேலை மொழிபெயர்ப்பு. செய்த மொழிபெயர்ப்பு வேலையைப் பயோடேட்டாவில் தேதியோடு எழுதுங்கள். எத்தனை பேருக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தீர்கள், எந்த மொழியில், எந்த மாதம்.

வெளியே போன நேபாளப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று வகுப்பில் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு: காத்மாண்டுவில் பிறந்த லுஜேந்திர ஓஜா அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது, செவ்வாய்க் கோளின் சரிவுகளில் பருவத்துக்குப் பருவம் நீண்டு மறையும் கருங்கோடுகளைக் கண்டறிந்தார், 2011இல் அது வெளியானது. நியூயார்க்கின் ஆடை வடிவமைப்பாளர் பிரபல் குருங். பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டு நேபாள முகாமிலிருந்து அமெரிக்கா போன நேபாளி மொழிக்காரர் புவன் பியாகுரேல், 2019இல் ஒஹாயோ மாநிலத்தின் ரெய்னால்ட்ஸ்பர்க் நகர்மன்றத்துக்குத் தேர்வானார். ஓஜா, குருங், பியாகுரேல்: மூன்று குடும்பப் பெயர்களையும் பலகையில் முழுசாக எழுதுங்கள்.

கடைசியாக, அடையாள அட்டை. ‘கூர்க்கா’ என்பது நம்மூரில் இரவுக் காவலரின் பட்டமாகிவிட்டது. கோர்க்கா என்பது நேபாளத்தில் ஒரு மாவட்டம், பெரும்பாலான நேபாளிகளுக்கு அந்த ஊரோடு சம்பந்தமே இல்லை. புது ஊழியரின் அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் பெயர்க் கோப்பை அவரிடமே காட்டி, எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் அப்படியே அச்சடியுங்கள். ‘டி. சீதா’ என்று வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். கழுத்தில் ஒரு மாதம் தொங்கிவிட்டால் சம்பளக் கணக்கு, பி.எஃப்., அனுபவச் சான்று எல்லாம் அந்தப் பெயரிலேயே ஓடத் தொடங்கிவிடும்.